பொன்னிறத்தில் ஒரு ரப்பர் புஷ்

நான் என் வாழ்நாளில் மொத்தம் பதினொரு நாட்கள் முதலாளியாக இருந்திருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்தார்கள். நான் அவர்களை நேரில் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. மூவருமே சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்பே, சொன்னதைவிடச் சிறப்பாகச் செய்து கொடுத்தார்கள். அதனால்தான் மாட்டிக்கொண்டேன். சோம்பேறிகளாகக் கிடைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அப்போது தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியராக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம். கவரைப்பேட்டையில் வாடகை வீடு. எங்கள் கம்பெனியில் கார்களுக்கான ரப்பர் புஷ் செய்வார்கள். (தெரியாதவர்களுக்கு: கார் குலுங்காமல் இருக்க இரண்டு இரும்புக்கு நடுவில் செருகும் கறுப்பு ரப்பர். உளுந்து வடை சைஸ், நடுவில் ஓட்டை.) அச்சிலிருந்து வரும் புஷ்ஷின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதை வெட்டி, நல்லது கெட்டது பிரிப்பது பதினெட்டுப் பெண்களின் வேலை. பதினெட்டுப் பேரும் கான்ட்ராக்ட்.

கான்ட்ராக்ட் என்றால் மஞ்சள் சட்டை. பெர்மனென்ட் என்றால் நீலச் சட்டை. நீலச் சட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு உண்டு. மஞ்சள் சட்டை ஷேர் ஆட்டோவில் ஒன்றின் மேல் ஒன்றாக வர வேண்டும். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை மஞ்சள் சட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆளைச் சேர்ப்பதுபோல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். மேரியக்கா இப்படி ஆறு வருடத்தில் ஆறு முறை புது ஆளாகச் சேர்ந்தவர். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் சொல்லாமலே தலைவி அவர்தான்.

அந்த வருடம் ஒரு பெரிய கார் கம்பெனி புது ஆர்டர் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, அவர்களுடைய ஆடிட்டர் வந்து தொழிற்சாலையைச் சோதித்துப் பார்த்து சரி என்று சொல்ல வேண்டும். எங்கள் எம்.டி. பெண்களை எல்லாம் கேன்டீனில் கூட்டி வைத்து, "இந்த ஆர்டர் மட்டும் வரட்டும்மா, பதினெட்டு பேரையும் நீலச் சட்டை போட வெச்சுடறேன்" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். மேரியக்கா கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "எல்லாம் உங்க கைல தான் கீது மேடம்" என்றார். நானும் பெரிய இவள் மாதிரி தலையாட்டினேன்.

ஆடிட்டருக்குத் தேவையான காகிதம் எல்லாம் என் பொறுப்பு. என் மேலதிகாரி அந்த மாதம்தான் வேறு கம்பெனிக்குத் தாவியிருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு மேஜைக்கும், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் படத்தோடு எழுதி மாட்ட வேண்டும். அப்படி முப்பத்தெட்டுத் தாள். இது போக அன்றாட வேலை, கஸ்டமர் புகார், மெஷின் ரிப்பேர். காலை நாஷ்டாவை நான் மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிட்ட காலம் அது.

பஸ்ஸில் போய்க்கொண்டே ஒரு நாள் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். கோட் போட்ட ஒருவர், "எல்லா வேலையையும் நீயே செய்தால் நீ கூலி, பிரித்துக் கொடுத்தால் நீ தலைவன்" என்று விரலை நீட்டிச் சொன்னார். விரல் நேராக என்னைத்தான் காட்டியது. கவரைப்பேட்டை வருவதற்குள் ஆன்லைன் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கிவிட்டேன். என் கணவர் முரளியிடம் சொன்னபோது, "ஆபீஸ்ல கேட்டியா ஜெயா?" என்றார். "தலைவர்கள் கேட்க மாட்டாங்க" என்றேன். (இதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.)

மூன்று பேரை அமர்த்தினேன். ஆங்கிலத்தில் எழுத ஒரு இந்தூர்க்காரர். அதைத் தமிழாக்க, ஓய்வுபெற்ற ஒரு தஞ்சாவூர் தமிழாசிரியை. படம் வரைந்து தாளை வடிவமைக்க ஒரு பாலக்காட்டுக்காரர்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கார் கம்பெனியோடு எங்களுக்கு ரகசிய ஒப்பந்தம் உண்டு. அவர்கள் பாகம், வரைபடம், பெயர் எதையும் வெளியில் சொல்லக் கூடாது. நான் விதிமுறையை மீறுகிறவளா என்ன? (வெளியாளிடம் வேலையைக் கொடுத்ததே மீறல்தான். அது அப்போது உறைக்கவில்லை.) ஆகவே கார் என்றோ ரப்பர் என்றோ மூச்சுவிடாமல் இந்தூர்க்காரருக்கு இப்படி எழுதினேன்: "எங்கள் பொருள் சிறியது, வட்டமானது, நடுவில் ஓட்டை உள்ளது. மூலப்பொருளை நன்றாகப் பிசைந்து, அச்சில் அழுத்தி, தட்டுகளில் அடுக்கி, ஓவனில் வைத்து எடுப்போம். ஆறிய பிறகு ஓரத்தை வெட்டி, எண்ணி, பாக்கெட் போடுவோம். பெண்கள்தான் செய்கிறார்கள். மிகவும் கறாரான வாடிக்கையாளர். எல்லா இடத்திலும் 'பொருள்' என்றே எழுதவும்."

இதில் ஒரு வரி பொய்யில்லை. எங்கள் கம்பெனியில் ஓவன் நிஜமாகவே இருக்கிறது, ரப்பரைத் தட்டில் அடுக்கித்தான் அதில் வைப்போம். எழுதி முடித்துவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். நீங்கள் படிக்கும்போதே பிடித்திருப்பீர்கள். இந்தூர்க்காரரும் பிடித்துவிட்டார். இந்தம்மா பிஸ்கட் கம்பெனி நடத்துகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான்காம் நாளே முப்பத்தெட்டுத் தாளும் வந்தன. திறந்து பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். பக்க எண்ணிக்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. தஞ்சாவூருக்குத் தட்டிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து வந்ததைப் பாலக்காட்டுக்குத் தட்டிவிட்டேன். ஒரு தபால்பெட்டிக்கு இருக்கும் அறிவுகூட எனக்கு அந்த வாரம் இல்லை. தமிழ்ப் பிரதியை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் பெண்களிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

ஆடிட் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆடிட்டர் வந்தால் தொழிலாளியை நிறுத்திக் கேள்வி கேட்பார். தாளில் ஒன்று இருந்து தொழிலாளி வேறொன்றைச் சொன்னால் தீர்ந்தது. அதனால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு வாரம் முன்பிருந்தே மந்திரம் ஓதுவதுபோல எல்லாரும் ஓதிக்கொண்டிருப்பார்கள். மெஷின் சத்தத்தையும் மீறி அது கேட்கும்.

தாளைக் கொடுத்த இரண்டாம் நாள் மேரியக்கா அதோடு என் மேஜைக்கு வந்தார். "மேடம், இதுல ஒண்ணு சந்தேகம்..."

"சந்தேகமே படக்கூடாதுக்கா. எழுதியிருக்கறத அப்படியே சொல்லணும்."

மறுநாள் கை கழுவும் இடத்தில் மறித்தார். "இல்ல மேடம், பொன்னிறம்னு போட்டுக்கீது. நம்ம ரப்பரு..."

"அக்கா, கஸ்டமர் கேட்ட மாதிரி போட்டிருக்கு. ஒரு வார்த்தை மாத்தினாலும் ஆர்டர் போயிடும். பரவால்லையா?"

மூன்றாம் முறை அவர் தாளை நீட்டக்கூட இல்லை. "அந்த ஓவன்ல இடப்பக்கம் கீழ் தட்டுக்கு சூடு பத்தல மேடம், நாலு நாளா சொல்லிக்கினு கீறேன்" என்றார். "ஆடிட் முடியட்டும்க்கா" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி மேடம், நீங்க படிச்சவங்க" என்று போய்விட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தாளில் இருந்தது நடைமுறைக்கும் வர ஆரம்பித்தது. பதினெட்டுப் பெண்களும் தலையில் வலை மாட்டிக்கொண்டார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நகம் வெட்டினார்கள். அடுக்குகளைச் சுற்றி எறும்பு வராமல் இருக்கச் சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். எம்.டி. சுற்றிப் பார்த்து அசந்துபோனார். "ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிருக்கியேம்மா, சபாஷ்" என்று என் தோளைத் தட்டினார். ரப்பருக்கு எறும்பு வருமா என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருமே இன்ஜினியர்கள்.

ஆடிட் அன்று காலையில்தான் படங்களோடு அச்சடித்த தாள்கள் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தன. ஸ்டோர் ஆட்கள் ஓடி ஓடி மாட்டினார்கள். ஆடிட்டரை வரவேற்க நான் வாசலில் பூங்கொத்தோடு நின்றிருந்தேன்.

ஆடிட்டர் வடக்கத்திக்காரர். மெலிந்த மனிதர், அதிராத பேச்சு. தமிழ் தெரியாது, அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "எல்லைக் குறியீடு சார்" என்றேன். தலையுறை எதற்கு என்றார். "பாதுகாப்பு" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். எம்.டி. முகத்தில் ஆர்டர் கைக்கு வந்துவிட்ட களை.

பிறகு மேரியக்காவின் மேஜைக்கு வந்தார். மேரியக்கா கையில் கன்னங்கரேலென்று ஒரு புஷ். "பொருள் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

மேரியக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விட்டத்தைப் பார்த்து, பேச்சுப்போட்டி மாணவி மாதிரி தொடங்கினார். "பொருளானது பொன்னிறம் எய்தியுள்ளதா எனக் கண்ணால் கண்டறிக."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "நிறத்தைச் சோதிக்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

"விரல்களால் ஒடிக்குங்கால் 'டக்' எனும் ஓசை எழுதல் வேண்டும்."

"கடினத்தன்மையைச் சோதிக்கிறார்."

"தட்டுக்கு ஒரு பொருளை எடுத்து உண்டு, சுவையும் மொறுமொறுப்பும் தக்கவாறு உள்ளனவா என உறுதிசெய்க."

"தட்டுக்கு ஒன்று சாம்பிள் எடுக்கிறார்" என்றேன். ஆடிட்டர் திருப்தியாகத் தலையசைத்தார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது அவர் பார்வை மேரியக்காவின் தலைக்கு மேலே போயிற்று. அங்கே பாலக்காட்டுக்காரரின் கைவண்ணம் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்ணப்படம். தலையுறை போட்ட அழகான பெண் ஒருத்தி, நடுவில் ஓட்டை உள்ள வட்டமான ஒன்றை வாயருகே கொண்டுபோகிறாள்.

"இந்தப் பெண் என்ன செய்கிறார்?"

"கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்க்கிறார் சார்."

"இந்த இரண்டாவது படத்தில்?"

இரண்டாவது படத்தில் அவள் கன்னம் உப்ப மென்றுகொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதற்கு என்னிடம் மொழிபெயர்ப்பு இல்லை. ஆடிட்டர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை மெதுவாக, சத்தமாகப் படித்தார். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நான்கு மாதம் வரை சுவை மாறாது என்பது கடைசி வரி.

எம்.டி. என் காதருகே குனிந்து, "இன்னாம்மா இது?" என்றார். அவரிடம் அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெண்கள் பதினெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீலச் சட்டை போயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலையை நினைத்து இல்லை.

ஆடிட்டர் நோட்டை மூடப் போனார். அப்போது மேரியக்கா கட்டிய கையை அவிழ்த்தார். "மேடம், நான் சொல்றத சார் கைல அப்டியே சொல்லுவீங்களா? இந்த வாட்டியாச்சும் மாத்தாம சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்றேன்.

"அந்தப் பேப்பர உட்டுடுங்க சார். நான் ஆறு வருசமா எப்டிப் பாக்கறேன்னு சொல்றேன்." தட்டிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்தார். "நகத்தால அழுத்துவேன். பள்ளம் ஒடனே மேல எழுந்து வரணும். வராம அப்டியே நின்னா சூடு பத்தலன்னு அர்த்தம். அப்பால மூக்குல வெப்பேன். நல்லா சுட்டதுல இந்தப் பச்ச நாத்தம் இருக்காது." பேசிக்கொண்டே கை மளமளவென்று ஓடியது. ஐந்து, பத்து, இருபது. ஒரு புஷ்ஷைத் தனியே வைத்தார். "தோ, இது ஆவாது. இது ஓவன்ல இடப்பக்கம் கீழ் தட்டு."

நான் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஆடிட்டர் கடினத்தன்மை அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கி, அந்தப் புஷ்ஷில் வைத்தார். முள் எல்லைக்குக் கீழே நின்றது. மேரியக்கா ஒதுக்காததில் பத்தை எடுத்து அவற்றிலும் வைத்துப் பார்த்தார். பத்தும் சரி. பிறகு அந்தக் கெட்ட புஷ்ஷை அவரே மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"ஓவன் விஷயத்தை யாரிடமாவது சொன்னாரா என்று கேளுங்கள்."

கேட்டேன். மேரியக்கா அடுத்த புஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "என்னிடம்தான் சார் சொன்னார், நாலு நாளாக. நான் கேட்கவில்லை" என்றேன் ஆங்கிலத்தில். அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, இந்த முறை பெண்களுக்காகத் தமிழில்.

ஆர்டர் அன்று கிடைக்கவில்லை. போகவும் இல்லை. முப்பத்தெட்டுத் தாளையும் கிழித்துவிட்டு, வேலை செய்கிறவர்களிடமே கேட்டு எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆடிட்டர். காரில் ஏறும்போது, "பிஸ்கட் சாம்பிள் ஏதும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சாயந்திரம் மேரியக்காவைத் தேடிப் போனேன். ஷேர் ஆட்டோவுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"ரப்பரு கருப்புன்னு எனக்குத் தெரியாதா மேடம்?" என்றார். கோபம் அடங்கவில்லை. "ரெண்டு நாளா நைட்டு ஒக்காந்து மனப்பாடம் பண்ணேன், என் பொண்ணு சிரிக்கிறா. மாத்தினா ஆர்டர் போயிடும்னு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு இது போனா வேற கம்பெனி கீது. எனக்கு மறுபடி மஞ்ச சட்டைதான். பேஜாரு புடிச்ச பேப்பரு." ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டு போய்விட்டார். நான் காலியான பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வெட்கமாக இருந்தது.

வீட்டில் போனைத் திறந்தால் இந்தூர்க்காரர். வேலை பிடித்திருந்ததா, ஐந்து நட்சத்திரம் தர முடியுமா, உங்கள் பிஸ்கட் இந்தூரில் எங்கே கிடைக்கும், பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்மேல் என்ன தப்பு? பிஸ்கட்டுக்கு அதைவிட நல்ல தாளை யாராலும் எழுத முடியாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். மற்ற இருவருக்கும் கொடுத்தேன். அத்தோடு என் முதலாளிப் பதவி முடிந்தது.

அடுத்த ஒரு மாதம் ஒவ்வொரு மேஜையாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் மேரியக்கா கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னார். மூன்றாம் நாள் என் கையில் கத்தியைக் கொடுத்து, "நீங்க ஒரு தட்டு வெட்டுங்க, அப்பால எழுதுங்க" என்றார். நான் வெட்டிய தட்டில் பாதி குப்பைக்குப் போனது. பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் என் டப்பாவிலிருந்து ஒரு தோசை அவருடைய டப்பாவுக்குப் போயிற்று. முப்பத்தெட்டுத் தாளையும் அவர்கள் பேச்சிலேயே எழுதினேன். ஆடிட்டர் மறுபடி வந்தார். யாரும் எதையும் ஓதவில்லை. ஆர்டர் வந்தது.

எம்.டி. வாக்கைக் காப்பாற்றினார். நீலச் சட்டை போட்ட முதல் நாள், பஸ்ஸில் ஏறிய மேரியக்கா எந்த சீட்டில் உட்காருவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். நான் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து நகர்ந்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படாத பண்டிகை இல்லை. முரளிதான் சொல்வார், மென்றுகாட்டுவதுகூட உண்டு. உறவினர் யார் வந்தாலும், "எங்க ஊட்டுக்காரம்மா ரப்பர ருசி பாத்து பாஸ் பண்றவங்க" என்றுதான் அறிமுகம். இதைக் கேட்டே வளர்ந்தவள் எங்கள் மகள். இரண்டாம் வகுப்பில் 'என் அம்மாவின் வேலை' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்களாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டை என் முன்னால் வைத்து, பிள்ளை என்னமோ தப்பாக எழுதியிருக்கிறாள், பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

'என் அம்மா ரப்பர் கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே ரப்பர் சாப்பிடச் சொல்லி எழுதி வைத்தார். யாரும் சாப்பிடவில்லை. மேரி ஆன்ட்டி அம்மாவுக்கு வேலை கற்றுக் கொடுத்தார். இப்போது அம்மா நன்றாகச் செய்கிறார்.'

இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.